மணலின் கண்

சங்கராபரணி ஆற்று மணலில் விடியலுக்கு முன்னால் கால் வைத்தால் பாதம் சில்லிடும். அதே இடத்தில் ஒரு சாண் ஆழம் கிளறினால் உள்ளே வெதுவெதுப்பு. நேற்றைய வெயிலை இரவு முழுக்க இடுக்கி வைத்துக்கொண்டு கிடக்கிறது மணல். கரையோரம் எங்கள் செல்லிப்பட்டில் பிறந்தவர்களுக்கு இது சின்ன வயதிலேயே தெரியும். ஊற்று தோண்டும்போது கை சொல்லிவிடும்.

கல்யாணம், மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா என்று படம் பிடித்துப் பிழைப்பவன் நான். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு சும்மா சுற்றுவேன். இந்த வருஷம் அப்படிச் சுற்றும்போது ஒரு ஆசை வந்தது. எங்கள் எல்லைப்புறத்தைப் படமெடுக்க வேண்டும். அதன் ஊர்களையும், ஊர்களுக்கு நடுவே கிடக்கும் பொட்டல் காடுகளையும். முதல் படம் எங்கள் ஆற்றில் என்று முடிவு செய்து, பிரெஞ்சுக்காரர் காலத்துப் படுகை அணைக்குக் கீழே ஒரு விடியற்காலை இறங்கினேன்.

அங்கே மணலில் பாதி புதைந்து ஒரு மரம் கிடந்தது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறிய இரவும் மறுநாளும் புதுச்சேரியில் கொட்டியது அரை மீட்டரை நெருங்கிய மழை. வீடூர் அணையிலிருந்து உபரி நீர் வர, ஆறு இரு கரையும் புரண்டது. அந்த வெள்ளம் கொண்டுவந்து போட்ட மரம் அது. கிளை இல்லை, வேர் இல்லை, பட்டை முழுக்க உரிந்து போயிருந்தது. உருட்டி உருட்டிக் கொண்டுவந்ததில் வெறும் அடிமரம் மட்டும் மிஞ்சி, மொழுமொழுவென்று கிடந்தது.

மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் நின்றார்.

"இன்னா தம்பி, கட்டைய போட்டா புடிக்கிற?"

"என்ன மரம் பெரியவரே இது?"

குனிந்து, நகத்தால் கீறிப் பார்த்தார். "மருத மரம். மேக்கால இருந்து வந்துக்கிது. வெறகுக்கு இழுக்கலாம்னு பாத்தோம், நவுரல. ஆத்துல வந்தது ஆத்துக்கேன்னு உட்டுட்டோம்."

படம் எடுத்தேன். வேறொன்றும் தோன்றவில்லை. அந்தக் கட்டை எனக்குச் சொல்ல வந்ததைப் புரிந்துகொள்ள நான் இன்னும் நாலைந்து இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது.

கோடுகளின் நாடு

எல்லைப்புறம் என்றதும் முள்வேலியும் பனிமலையும் நினைவுக்கு வரலாம். எங்கள் எல்லை வேறு மாதிரி. புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பு அல்ல. தமிழ்நாட்டு நிலத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் 'புதுச்சேரி மாநிலம் தங்களை அன்புடன் வரவேற்கிறது' என்ற பலகை இரண்டு தடவை வந்து போகும். இந்தப் பக்கம் சிவப்புத் தொப்பி போலீஸ், அந்தப் பக்கம் காக்கித் தொப்பி. பெட்ரோல் விலை மாறும், சாராயக் கடையின் பலகை மாறும். வரப்பும் நாற்றும் நாரையும் மாறாது.

18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபு பதவிக்கு நடந்த சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கட்சிக்குத் துணை நின்றார்கள். அதற்கு ஈடாக வந்தவைதான் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்கள். பிறகு ஆங்கிலேயர் பிடித்ததும் திருப்பிக் கொடுத்ததுமாக, துணி கிழிந்து ஒட்டுப்போட்டது போலாயிற்று எங்கள் வரைபடம். 1954 அக்டோபர் 18-ல் எங்களுக்குப் பக்கத்து ஊரான கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962-ல் முடிந்தது. நாடுகளுக்கு நடுவே இருந்த கோடு மாநிலங்களுக்கு நடுவே உள்ள கோடானது.

மனிதர் போட்ட இந்தக் கோடுகளைப் படம் பிடிக்கத்தான் முதலில் நினைத்தேன். பலகையும் சாவடியும் படத்தில் பலகையும் சாவடியுமாகவே விழுந்தன. அந்தப் படங்களில் உயிர் இல்லை.

கோடுகளை விட்டுவிட்டுப் பொட்டல் காடுகளின் பக்கம் திரும்பி, பாலை எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். ஐந்திணை சொன்ன தமிழ் மரபில் பாலைக்கு என்று சொந்த நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் தன்மை கெட்டுப் போனால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. காட்டுக்கும் பாலைக்கும் நடுவே கிடப்பது ஒரு மாறுதல்தான், மதில் இல்லை. அப்படியொரு மாறுதல் நிலம் எங்கள் ஊருக்கு வடக்கே, கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறது.

கல்லாய்க் கிடக்கும் காடு

திருவக்கரைக்குப் போகும் வழியெல்லாம் கல் குவாரி லாரிகள். புழுதி அடங்கும் இடத்தில் கோயில் கோபுரம் தெரியும். சம்பந்தர் பாடிய தலம். சந்திரமௌலீசுவரர் மூன்று முகத்தோடு இருக்கிறார். பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைப் பார்க்க வரும் கூட்டம் சாலையை அடைத்துவிடும். கோயிலைத் தொட்டு ஓடும் ஆறு வேறு யாருமில்லை, எங்கள் சங்கராபரணியேதான். அங்கே அதற்கு வராக நதி என்று பெயர்.

கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது கல்மரப் பூங்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியச் சின்னமாகக் காக்கும் இடம். உள்ளே நுழைந்தால் முள்ளும் சரளையுமாக ஒரு பொட்டல். அதில் அங்கங்கே அடிமரங்கள் கிடக்கின்றன. பதினைந்து மீட்டர் நீளம் வரைக்கும் உண்டு. நேற்று வெட்டிப் போட்டதைப் போல் நார் தெரிகிறது, முடிச்சு தெரிகிறது, பழுப்பும் வெளிறலுமாக மர நிறம் மாறவில்லை. தொட்டால் கல். கத்தியால் கீறினால் கத்திதான் மழுங்கும்.

வயது ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகள்.

இவற்றைக் கோயில் கதையில் வரும் வக்கிராசுரன் என்ற அசுரனின் எலும்புகள் என்று ஊரில் சொல்வதுண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பியர் சோனரா இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதி வைத்தார். பின்னால் வந்த அறிஞர்கள் மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, ஆமணக்குக் குடும்பம், அவரைக் குடும்பம், மருத மரக் குடும்பம் என்று இனம் பிரித்தார்கள். கல்லைப் பார்த்து மரத்தின் குடும்பப் பெயரைச் சொல்ல முடிகிறது என்றால், அந்தக் கல் எவ்வளவு உண்மையாக மரத்தை நினைவு வைத்திருக்க வேண்டும்!

மேக்ரோ லென்சைப் போட்டு ஒரு மரத்தின் வெட்டுமுகத்துக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தேன். முதலில் மங்கல். குவியம் சேர்ந்ததும் கண் முன்னே திறந்தன வரிசை வரிசையாகச் சின்னத் துளைகள். வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறிய குழாய்கள் அவை. ஒவ்வொரு குழாயின் வாயும் தனித்தனி வட்டம். சிலவற்றின் உள்ளே கண்ணாடி போல் ஒரு மினுக்கம். மனிதன் என்ற உயிர் உலகத்தில் தோன்றாத காலத்தில், இந்தக் குழாய்கள் வழியாக மழைநீர் ஏறிப்போய் ஓர் இலையைக் குளிர வைத்திருக்கிறது. அந்த இலை போய்விட்டது. அதற்குத் தண்ணீர் போன பாதை போகவில்லை.

இது நடந்த விதம் எளிமையானது. பெருவெள்ளத்தில் மரங்கள் அடித்து வரப்படுகின்றன. வழியில் கிளையும் வேரும் பட்டையும் உதிர்ந்துபோகின்றன. திருவக்கரையில் அவை கிடைக்காததற்கு அதுதான் காரணம். மிஞ்சிய அடிமரத்தை ஆற்று மணல் மூடுகிறது. காற்று புகாததால் மரம் மக்குவது நின்றுபோகிறது. மணலில் உள்ள சிலிக்கா நிலத்தடி நீரில் சிறுகச் சிறுகக் கரைந்து மரத்துக்குள் ஊறுகிறது. ஒவ்வொரு செல்லின் வெற்றிடத்திலும் போய் உட்கார்ந்து இறுகுகிறது. மரம் விலக விலக, அது விட்ட இடத்தில் அதே வடிவத்தில் கல் வந்து அமர்கிறது. அவசரமே இல்லை. ஒரு செல்லைக்கூடத் தவறவிடாத கவனம்.

படுத்த வாக்கிலேயே எனக்குச் செல்லிப்பட்டுக் கட்டை நினைவுக்கு வந்தது. கிளை இல்லை, வேர் இல்லை, பட்டை இல்லை. மருத மரம். அதே குடும்பம், அதே ஆறு, அதே மணல். நான் எழுந்திருக்கச் சற்று நேரமாயிற்று.

நிழல் இல்லாத நாள்

திருவக்கரையிலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போகப் போக நிலம் சிவந்துகொண்டே வரும். பொம்மையார்பாளையம் பக்கம் செம்மண் மேடு திடீரென்று பிளந்து பள்ளத்தாக்காகிறது. மதில் மதிலாகச் செம்மண் சரிவுகள். நடுநடுவே வெள்ளையும் மஞ்சளும் ஊதாச் சாயலுமாகப் பட்டைகள். மணல் துகளின் மேல் பூசிய இரும்புத் துரு தந்த சிவப்பு அது. பல ஐப்பசி, கார்த்திகை மழைகள் குடைந்த குடைச்சல். சினிமாக்காரர்கள் பாலைவனக் காட்சிக்கு இங்கே வருவதில் ஆச்சரியமில்லை.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், வெயில் நன்றாக இருக்கிறதே என்று உச்சிப் பொழுதில் போய்ச் சேர்ந்தேன். எடுத்த படங்களைத் திரையில் பார்த்தால் ஒன்றும் உருப்படவில்லை. பள்ளம் பள்ளமாகத் தெரியவில்லை, மேடு மேடாகத் தெரியவில்லை. சிவப்புச் சுவரில் சிவப்பு அப்பியது போல் தட்டையாக இருந்தது. கேமராவில்தான் கோளாறு என்று லென்சைக் கழற்றிப் பார்க்க, உள்ளே புழுதி போனதுதான் மிச்சம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருத்தி சிரித்தாள்.

"இந்த நேரத்துல வந்துக்கினு இன்னாத்தப் பாக்கப் போற? குச்சி நட்டுப் பாரு, நெழலு இருக்குதான்னு."

மூன்றுகால் தாங்கியைப் பார்த்தேன். அதன் நிழல் அதன் காலுக்குள்ளேயே ஒடுங்கியிருந்தது. பிறகுதான் நாள் கணக்கு நினைவுக்கு வந்தது. புதுச்சேரி ஏறக்குறைய 12 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. வடக்கே போகும் சூரியன் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும், திரும்பி வரும்போது ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் எங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கும். பகல் பன்னிரண்டே காலுக்குச் சற்று முன்னால் செங்குத்தாக நிற்கும் எதற்கும் பக்கத்தில் நிழல் விழாது. கடகரேகைக்கு வடக்கே, டெல்லியில் பிறந்தவன் தன் ஊரில் இதை ஒருநாளும் பார்க்க மாட்டான்.

இருபது வருஷமாக வெளிச்சத்தை வைத்துச் சாப்பிடுகிறேன். நிழல்தான் வடிவத்தைக் காட்டுகிறது என்பதை அன்றைக்கு ஓர் ஆடு மேய்க்கிற ஆயா எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

வெயில் தாழட்டும் என்று ஒரு முந்திரி மரத்தடியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததால்தான் சின்னவற்றைப் பார்க்க முடிந்தது. சரிவில் ஒவ்வொரு கூழாங்கல்லும் விரலளவு மண்தூண் ஒன்றின் உச்சியில் இருந்தது. மழைத்துளி அடித்து அடித்துச் சுற்றிலும் மண் கரைந்தபோது, கல்லுக்குக் கீழே இருந்த மண் மட்டும் தப்பியிருக்கிறது. சுண்டைக்காய் அளவுக் கல் தன் காலடி மண்ணுக்குக் குடை பிடித்தபடி நிற்கிறது. நூற்றுக்கணக்கில் குடைகள்.

மரத்தடித் தூள்மண்ணில் குழியானைகளின் குழிகள். சின்ன வயதில் எறும்பைப் பிடித்துப் போட்டு வேடிக்கை பார்த்தவைதான். இப்போது லென்சு வழியாகப் பார்த்தேன். ஒரு கட்டைவிரல் அகலம், கச்சிதமான புனல். எறும்பு விளிம்பில் கால் வைத்தது, மணல் சரிந்தது, எறும்பும் சரிந்தது. அடியிலிருந்து ஒரு மணல் வீச்சு. எறும்பு இன்னும் கீழே போயிற்று. பிறகு மணல் மட்டும் அசைந்தது.

காய்ந்த மணலைக் குவித்தால் ஏறத்தாழ 30 பாகையைத் தாண்டியதும் அது சரிய ஆரம்பிக்கும். குழியானை தன் குழியின் சரிவை அந்த அளவுக்கு ஒட்டியே வைத்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் செங்குத்தானால் குழி தானே மூடிக்கொள்ளும், கொஞ்சம் படிந்தால் எறும்பு ஏறிப் போய்விடும். மேற்கே இந்திய எல்லையில் ஜெய்சால்மர் பக்கத்து மணற்குன்றுகளின் காற்று மறைவுச் சரிவும் இதே கணக்கில்தான் நிற்கிறது. தார்ப் பாலையின் குன்றுக்கும், பொம்மையார்பாளையத்து முந்திரி நிழலில் ஒரு பூச்சி தோண்டிய குழிக்கும் ஒரே விதி. பள்ளிக்கூடம் போகாத அந்தப் பூச்சிக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தது? சில காலம் கழித்து அது கூடு கட்டி, தும்பியைப் போல் இறக்கை முளைத்து, இதே மணலை விட்டுப் பறந்தும் போய்விடும்.

ஐந்தரை மணிக்கு வெயில் சாய்ந்தது. தட்டையாகக் கிடந்த பள்ளத்தாக்கு மடிப்பு மடிப்பாக எழுந்து நின்றது. சரிந்து வரும் ஒளி காற்றின் வழியாக நெடுந்தூரம் கடக்கும்போது நீலம் சிதறிப்போய்ச் சிவப்பும் மஞ்சளுமே மிஞ்சுகின்றன. அந்தச் சிவப்பு இந்தச் சிவப்பின் மேல் விழுந்ததும் மண்ணுக்கு உள்ளேயிருந்து தணல் ஊதியது போலிருந்தது. பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அந்தப் பத்து நிமிஷமும் நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை.

சாபமும் வரப்பும்

இந்த நிலம் ஏன் இப்படிக் காய்ந்தது என்பதற்குப் பக்கத்திலுள்ள இரும்பை ஊரில் ஒரு கதை உண்டு. மாகாளேசுவரர் சன்னதியில் கடுவெளிச் சித்தரை ஊரார் இகழ, அவர் மனம் நொந்து பாட, லிங்கம் மூன்றாய் வெடித்ததாம். இந்த மண் பாலையாகட்டும் என்று சாபமும் விழுந்ததாம். தூர தேசத்து மக்கள் வந்தால்தான் மறுபடி பசுமை என்று சாபத்துக்கு ஒரு முடிவும் சொல்கிறார்கள். செப்புத் தகட்டால் கட்டிய லிங்கத்தை இன்றைக்கும் கும்பிடலாம்.

மரத்தை வெட்டியதும், ஆடு மாடு மேய்ந்ததும், மூடாக்கு இல்லாத மண்ணை மழை வாரிக்கொண்டு போனதும் சாபத்தின் இன்னொரு பெயர் என்று எடுத்துக்கொள்ளலாம். 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் என்ற பன்னாட்டு நகரியம் தொடங்கியபோது, 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த பிடி மண்ணை இந்தச் செம்மேட்டில் ஒரு தாழியில் இட்டார்கள். அன்று எடுத்த படங்களில் கண்ணுக்கு எட்டிய வரை வெட்டவெளி. ஒற்றை ஆலமரம், சில பனைகள். அப்புறம் வரப்பு போட்டார்கள். மழைநீர் ஓடும் வழிக்குக் குறுக்கே மண்ணணை. நின்ற தண்ணீரில் கன்று. கன்றின் நிழலில் அடுத்த கன்று. லட்சக்கணக்கில் மரம் வைத்தார்கள். இன்று அந்த இடத்தில் நடந்தால் வானம் துண்டு துண்டாகத்தான் தெரியும்.

ஒரே இடத்தில் நின்று அந்தப் பழைய படத்தையும் இன்றைய காட்சியையும் மாறி மாறிப் பார்த்தேன். பாலை மீண்டும் முல்லையானது ஒரு மனித ஆயுளுக்குள் நடந்திருக்கிறது. நட்ட கைகள் மனிதருடையவை. விதைக்குள் காட்டை வைத்தவன் யாரோ, அவனுக்குத்தான் கும்பிடு.

திரும்பும் வழியில் ஊசுட்டேரி. இந்த ஏரியின் நடுத் தண்ணீரிலேயே மாநில எல்லை போகிறது. பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு. 2008-ல் புதுச்சேரி தன் பாதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, பின்னர் தமிழ்நாடு தன் பாதியை அறிவித்தது. நாமக்கோழிக் கூட்டமொன்று அரை மணி நேரத்தில் ஏழெட்டு முறை மாநிலம் விட்டு மாநிலம் போய் வந்ததைப் பார்த்தேன்.

எட்டு வருஷம் காத்த கண்

புதுச்சேரி நகரத்தைப் படமெடுக்காதவர் யார்? மஞ்சள் சுவர், வெள்ளை ஓரம், மேலே காகிதப்பூக் கொடி. கட்டம் போட்ட தெருக்கள். நடுவே பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழர் தெருக்கள். கல்யாண ஜோடிகளை நிற்க வைத்து நானே அந்தச் சுவர்களை ஆயிரம் தடவை எடுத்திருக்கிறேன்.

இந்த முறை கடற்கரையில் நின்றபோது நினைவுக்கு வந்தவர் கியோம் ல ழாந்தீல், பிரெஞ்சு வானியலாளர். சூரியனின் முகத்தைக் கடந்து வெள்ளி ஒரு புள்ளியாகப் போவதை அளந்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம் என்று, 1761-ல் வரவிருந்த அந்தக் காட்சிக்காக 1760-லேயே புதுச்சேரிக்குக் கப்பலேறினார். வரும் வழியிலேயே ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. ஆடும் கப்பலில் நின்று பார்த்ததில் அளவு எடுக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்பு எட்டு வருஷம் கழித்து. அதற்கு அடுத்தது நூறு வருஷத்துக்கும் மேல். மனிதர் ஊர் திரும்பவில்லை. இந்தியப் பெருங்கடலிலேயே சுற்றிவிட்டு, 1768-ல் புதுச்சேரி வந்து, இடிந்து கிடந்த கோட்டைக்குள் தன் கருவிகளை நிறுத்திக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 விடியற்காலை. முந்தின நாட்களெல்லாம் தெளிவாக இருந்த வானத்தில் மேகம் திரண்டது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு மேகம் விலகி, சூரியன் பளிச்சென்று காய்ந்தது.

மேகம் மறைத்த ஒரு முகூர்த்தத்துக்கே நொந்துகொள்கிறவன் நான். அந்த மனிதரை நினைத்துக் கடலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

அதே நேரத்தில் ஆண்டுக் கணக்கு ஒன்று மனதில் தட்டியது. 1769-க்குச் சரியாக இருநூறு ஆண்டு கழித்து, 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் ஒளியைப் பிடித்து மின்சாரமாகத் தேக்கி வைக்கும் ஒரு சில்லுக்கு வடிவம் கொடுத்தார்கள். 2009-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். டிஜிட்டல் கேமராவின் கண் அங்கே திறந்தது. அந்தச் சில்லு சிலிக்கான். ஒளித்துகள் ஒன்று மோதினால் தன்னிடமிருந்து ஓர் எலக்ட்ரானை விடுவிக்கும் தன்மை அந்தப் பொருளுக்கு இருக்கிறது. அதை எண்ணித்தான் கேமரா படம் வரைகிறது.

சிலிக்கான் எங்கிருந்து வருகிறது? குவார்ட்ஸிலிருந்து. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. சாதாரண மணலில் பெரும்பகுதி அதுதான். புவியின் மேலோட்டு எடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சிலிக்கான். லென்சின் கண்ணாடிக்கும் மூலப்பொருள் மணல்.

கையிலிருந்த கேமராவைப் புதிதாகப் பார்த்தேன். திருவக்கரையில் ஒரு மரத்தின் ஒவ்வொரு செல்லையும் இரண்டு கோடி ஆண்டாகத் தன்னிடம் பதித்து வைத்திருப்பது எதுவோ, அதன் உறவுதான் நொடியில் 250-ல் ஒரு பங்கு நேரத்தில் கல்யாணப் பெண்ணின் சிரிப்பைப் பதித்துக் கொடுக்கிறது. பார்ப்பதற்குக் கண்ணாடியாகவும், பதித்து வைப்பதற்குச் சில்லாகவும், கல்லாகவும் இந்த மணலைப் படைத்தவன் அதைக் காலடியில் கொட்டி வைத்திருக்கிறான். நாம் அதை வீடு கட்டும் சாமான் என்று யூனிட் கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அரிக்கமேட்டு மணி

எங்கள் ஆறு கடலைச் சேரும் முன் இரண்டாய்ப் பிரிகிறது. ஒரு கிளை சுண்ணாம்பாறு. இன்னொன்று அரியாங்குப்பத்து ஆறு. அந்த இரண்டாம் கிளையின் கரையில் இருக்கிறது அரிக்கமேடு. ஊர் என்று சொல்ல இப்போது அங்கே ஒன்றுமில்லை. மாந்தோப்பு, தென்னை, பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடத்தின் மொட்டைச் செங்கல் சுவர்கள், ஓர் அறிவிப்புப் பலகை. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ரோமாபுரியின் மதுச்சாடிகள் வந்து இறங்கிய பட்டினம் இது. 1945-ல் மார்ட்டிமர் வீலர், அவருக்குப் பிறகு ழான்-மரி கசால், 1989 முதல் விமலா பெக்லி என்று தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. நம்ம ல ழாந்தீலும் இந்தப் பக்கத்துப் பழைய செங்கற்களைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். வெள்ளியைத் தவறவிட்ட கண் வெறுங்கண்ணாக இருக்கவில்லை.

அரிக்கமேட்டைப் பெயர் பெற வைத்தவை மணிகள். உருக்கிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, ஆற வைத்து, கடுகு கடுகாக நறுக்கி, ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாம்பலோடு புரட்டிச் சூடு காட்டினால் கூர்முனைகள் மழுங்கி மணியாகும். இந்த வகை மணி தென்கிழக்காசியா வரைக்கும் ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் போயிருக்கிறது. அருங்காட்சியகத்தில் அவற்றைக் கண்ணாடிப் பேழைக்குள் பார்த்திருக்கிறேன். செம்மண் சிவப்பில் கீரை விதை அளவு ஒன்று. அதன் துளைக்குள் நூல் கோத்த ஒரு பெண்ணின் விரல் நுனி எவ்வளவு சின்னதாக இருந்திருக்கும்!

அந்தப் பட்டினத்தின் சொல் நமக்குக் கிடைத்தது கொஞ்சம். சுவர் கிடைத்தது கொஞ்சம். துணியும் ஓலையும் மரமும் பெரும்பாலும் போய்விட்டன. மணலைச் சுட்டுச் செய்த மணியும் மண்ணைச் சுட்டுச் செய்த ஓடும் அப்படியே இருக்கின்றன. சூரியன் தோப்புக்குப் பின்னால் இறங்க, நீர் விளிம்பில் நின்ற ஒரு சுவரை எடுத்தேன். அன்றைக்கு அது ஒன்றே போதும் என்றிருந்தது.

மறுபடியும் ஆறு

போன வாரம் செல்லிப்பட்டு மணலில் மறுபடி இறங்கினேன். கட்டை இருந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. இடையில் வந்த தண்ணீர் இன்னும் கொஞ்சம் மணலை அதன்மேல் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறது. முதுகு மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு வெளியே தெரிந்தது.

மாட்டுக்காரப் பெரியவர் அன்றும் வந்தார். கேமராவின் திரையில் பழைய படத்தைக் காட்டினேன். திருவக்கரைக் கல்மரத்தையும் காட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான தம்பி?"

"இது ரெண்டு கோடி வருஷத்துக்கு முன்னால வெள்ளத்துல வந்த மரம்."

அவர் படத்திலிருந்து கண்ணை எடுத்து, மணலில் தெரிந்த முதுகைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், கோயில் வாசலில் செய்வதைப் போல.

"அப்ப, வெறகுக்கு இழுக்காதது நல்லதாப் போச்சி" என்றார்.

அவர் போனபின் குனிந்து குவியம் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் ஒரு மங்கல் புள்ளி. லென்சைத் திருப்பிப் பார்த்தால் ஒற்றை மணல் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. வழக்கம்போல ஊதித் தள்ள வாயைக் குவித்தேன்.

ஊதவில்லை. கிழக்கே அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. துகளுக்குள் அது நுழைந்து, சின்னதாக ஒரு தடவை மின்னியது. முழுசாக விடியும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.